ஒரு நம்பர் பெரிசு

மார்கழி வந்தால் தளியில்
தரைதான் முதலில் விழித்துக்கொள்ளும்.
சிமெண்டு வழியாகக் குளிர் ஏறிக்
குதிகால் வெடிப்பில் கொஞ்சம் உட்கார்ந்து
முழங்காலுக்குப் போகும்.
நாலே முக்காலுக்குப் பால் சொசைட்டியில்
நான் நிற்கிற இடம் ஆறடிக்கு நாலடி,
என்றைக்கும் ஈரம்.
இருபத்திரண்டு வருஷமாக ரப்பர் செருப்பு.
சாக்ஸ் போட்டும் பார்த்தேன்:
கட்டைவிரல் பிரிகிற இடத்தில் சுருண்டு
ஆட்டுக் குளம்பாகிவிட்டது.
சௌடப்பா சிரித்தான்.
பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் சிரிக்கலாமா?

ஞாயிறு, காலைப் பால் முடிந்ததும்
ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.

பாகலூர் ரோட்டுக் கடையில் பையன்
காலைப் பார்க்காமல் தலைமுடியைப் பார்த்து
"டாக்டர் செருப்பாம்மா?" என்றான்.
பூட்ஸ்.
"யாருக்கு?"
எனக்கு.

முதலில் வந்தது கறுப்பு கம்பூட்ஸ்.
கொட்டகை கழுவ நல்லது.
நான் கொட்டகை கழுவுகிறவள் இல்லை தம்பி,
லாக்டோமீட்டர் பிடிக்கிறவள்.
அடுத்தது உள்ளே கரடி ரோமம்,
வெளியே ரெண்டு பலாக்காய்.
கதகதப்பு நிஜம்தான்.
"இந்த வயசுக்குச் சூடுதானேம்மா முக்கியம்?"
சூடு மட்டும் போதுமென்றால்
வீட்டிலேயே கோணிச்சாக்கு இருக்கிறது.

அப்புறம் அந்தத் தங்க நிறம்.
ரெண்டு அங்குலக் குதி, உள்ளே வெறும் ரெக்சின்.
பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.
ஈர சிமெண்டை நினைத்தேன்,
அறுபத்தோரு வயது இடுப்பெலும்பை நினைத்தேன்.
திருப்பிக் கொடுக்குமுன் ஒருமுறை தடவினேன்,
சந்தையில் மாட்டை விற்றவர்கள்
கயிறு மாறும்போது தடவுவார்களே, அப்படி.

பில் போடுகிற பெண், தஸ்லீமா என்று பேட்ஜில் இருந்தது,
அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள்
ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள்.
மெரூன்.
கணுக்காலுக்கு மேல் நாலு விரல்.
பக்கத்தில் ஜிப், பித்தளை மாதிரி ஒரு கொக்கி,
உள்ளே மெல்லிசாகக் கம்பளி.
"மெட்டியைக் கழற்றிடுங்கம்மா, நூல் மாட்டும்."

சித்தலிங்கம் போய்ப் பதினோரு வருஷம்.
காரியத்தன்று நாத்தனார் காலருகே குனிந்தபோது
விரல் வீங்கியிருக்கு, வராது என்றேன்.
பிறகு கேட்ட எல்லோருக்கும் அதே வீக்கம்.
இவள் தொட்டாள்.
இழுக்கக்கூட இல்லை, வந்துவிட்டது.
அவள் உள்ளங்கையில் ரெண்டு வெள்ளி வளையம்,
என் விரலில் ரெண்டு வெளுத்த கோடு.

பூட்ஸ் கச்சிதம்.
புடவையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்.
ரெண்டு விரல் தெரிந்தால் அழகு,
நாலு தெரிந்தால் சேற்றைத் தாண்டப் போகிறவள்,
தெரியவே இல்லையென்றால் எதற்கு மெரூன்?
கடைக்குள்ளேயே நடந்தேன்,
குடை அடுக்குவரை போய்த் திரும்பினேன்.
கால்விரல் பக்கத்து விரலிடம்
எதையோ கேட்டுக்கொண்டே வந்தது.

"ஒரு நம்பர் பெரிசு இருக்கா?"
"இதே சரியாத்தானே இருக்கு?"
"இருக்கா?"

இருந்தது.
மெட்டியை நானே மாட்டினேன்.
தஸ்லீமா எதுவும் கேட்கவில்லை.
மேலே மெல்லிசாக ஒரு சாக்ஸ் ஏற்றிவிட்டு
"இப்ப மாட்டாது" என்றாள்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
பேரம் பேசாமல் கொடுத்தது
வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திங்கள். எதிரே நிற்கிற லாரி தெரியாத பனி.
சௌடப்பா கேனை இறக்கிவிட்டுக்
கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.
"டிகிரி எவ்வளவு கௌரக்கா?" என்றான்
என் கால்களிடம்.
இருபத்தாறு.
தண்ணீர்தான், என்றேன்.

கம்பளிக்குள் வெள்ளி சூடாகியிருக்கிறது.
நடக்கையில் குதிகால் கொஞ்சம் தூக்குகிறது,
டக், டக் என்று ஒரு சத்தம்.
இருக்கட்டும்.